கோவை விமான நிலையத்திலிருந்து ஊர் போய்ச் சேர: படிப்படியான முழு வழிகாட்டி

கோவை விமான நிலையத்துக்குள் ரயில் வராது, மெட்ரோ கிடையாது. சாலை ஒன்றுதான் வழி. அந்தச் சாலையில் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து, உங்கள் பயணத்தில் ஒரு மணி நேரம் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். வெளியூர்க்காரர்கள் எந்த இடத்தில் இடறுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து எழுதியது இது. கீழே உள்ள வரிசைப்படியே போனால் நல்லது. முதல் படியைத் தவறவிட்டால் மற்றவை அவ்வளவாகப் பயன்படாது.

1. முதலில் பஸ் நிலையத்தை முடிவு செய்யுங்கள்

விமான நிலையத்தில் யாரிடம் வழி கேட்டாலும் "காந்திபுரம் போங்க" என்பார்கள். பாதிப் பேருக்கு அது தவறான பதில். கோவையில் வெளியூர் பஸ்கள் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை. வெள்ளலூரில் எல்லாவற்றையும் ஒன்றாக்கத் தொடங்கிய பேருந்து முனையப் பணி பாதியில் நின்றுவிட்டது. அதனால் திசைக்கு ஒரு பஸ் நிலையம் என்ற பழைய ஏற்பாடே தொடர்கிறது.

ஈரோடு, சேலம், திருப்பூர், சத்தியமங்கலம் பக்கம் என்றால் காந்திபுரம். மதுரை, திருச்சி, கரூர், தஞ்சாவூர் என்றால் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பழனி, உடுமலை, பாலக்காடு என்றால் உக்கடம். மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கோத்தகிரி என்றால் மேட்டுப்பாளையம் சாலையில் சாய்பாபா காலனி அருகே உள்ள பஸ் நிலையம். அரசு விரைவுப் பேருந்துகளும் தனியார் ஆம்னி பஸ்களும் காந்திபுரம் பகுதியில் தனித்தனி நிலையங்களில் நிற்கும். "காந்திபுரம்" என்று மட்டும் டிரைவரிடம் சொன்னால் டவுன் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார். பெட்டியோடு சாலையைக் கடந்து அலைய வேண்டியிருக்கும். எந்த நிலையம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போதே இதை முடிவு செய்துவிடுங்கள். வெளியே வந்தபின் யோசித்தால், முதலில் வந்து பேசுகிறவர் சொல்வதே முடிவாகிவிடும்.

2. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

சில்லறை. டவுன் பஸ்ஸில் 500 ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் போதும்.

வேலை செய்யும் இந்தியச் செல்போன் எண். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். டாக்ஸி செயலியில் வண்டி பதிவாகிவிடும். டிரைவர் எந்த எண்ணை அழைப்பார்? ரோமிங் இல்லாத வெளிநாட்டு எண்ணுக்கு அவரால் பேச முடியாது. அழைத்துப் பார்த்துவிட்டு ரத்து செய்துவிடுவார். உள்ளூர் உறவினர் ஒருவரின் எண்ணில் அவரையே பதிவு செய்யச் சொல்வது நம்பகமான வழி.

சேர வேண்டிய இடத்தின் பெயரைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வதும் உதவும். கதவு எண்ணும் தெருப்பெயரும் கோவை டிரைவர்களுக்கு அதிகம் உதவாது. "ஹோப் காலேஜ் தாண்டி", "லட்சுமி மில்ஸ் சிக்னல்", "நவ இந்தியா பக்கம்" என்று அடையாளம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

3. அவிநாசி சாலையின் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

முனையத்திலிருந்து வெளியேறும் சாலை, அவிநாசி சாலையில் சித்ரா என்ற இடத்தில் போய்ச் சேருகிறது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்தான் பேச்சில் அப்படி ஆகிவிட்டது. பஸ் கண்டக்டர், ஆட்டோக்காரர் எல்லோருக்கும் அது சித்ராதான்.

அங்கிருந்து ஊருக்குள் போகும் வரிசை இது: சித்ரா, ஹோப் காலேஜ், பீளமேடு, நவ இந்தியா, லட்சுமி மில்ஸ், அண்ணா சிலை, உப்பிலிபாளையம். எதிர்த்திசையில் கோல்டுவின்ஸ், சின்னியம்பாளையம், நீலாம்பூர், கருமத்தம்பட்டி, அவிநாசி. இந்த இரண்டு வரிசையும் தெரிந்திருந்தால், வண்டி தவறான பக்கம் போகும்போது இரண்டாவது நிறுத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

2025 அக்டோபரில் இந்தச் சாலைக்கு மேல் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீளமுள்ள ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டது. ரயில் நிலையம், உக்கடம் பக்கம் போகிறவர்களுக்கு இது பெரிய லாபம். பீளமேட்டில் மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ போகிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். டிரைவர் பழக்கத்தில் மேலே ஏறிவிட்டால் நீங்கள் இறங்க வேண்டிய இடம் காலுக்குக் கீழே கடந்துபோய்விடும். பிறகு சுற்றித் திரும்ப வேண்டும். வண்டி கிளம்பும்போதே "பாலத்தில் ஏற வேண்டாம், கீழேயே போங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

4. டாக்ஸி, ஆட்டோ, பஸ்: எதை எப்போது

மூன்று பேருக்கு மேல் இருந்தாலும், பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தாலும் டாக்ஸிதான். முனையத்தில் முன்பணம் கட்டும் டாக்ஸி கவுன்டர் உண்டு. செயலி வண்டிகளும் வரும். கோவையிலேயே தொடங்கிய ரெட் டாக்ஸி போன்ற கால் டாக்ஸிகளைப் போனில் அழைத்தாலும் போதும். செயலி பழகாத பெரியவர்களுக்கு அதுவே வசதி.

செயலியில் பதிவு செய்கிறவர்கள் செய்யும் பொதுவான பிழை, பெல்ட்டில் பெட்டி வருமுன்பே வண்டியை அழைத்துவிடுவது. உள்ளே வந்த வண்டிக்கு நுழைவு நேரம் பதிவாகும்; காத்திருந்தால் கட்டணம் ஏறும். டிரைவர் அவசரப்படுவார், நீங்களும் பதறுவீர்கள். பெட்டி கைக்கு வந்தபின் பதிவு செய்தால் இருவருக்கும் நிம்மதி.

ஒற்றை ஆள், முதுகில் ஒரு பை, பகல் நேரம் என்றால் டாக்ஸிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. சித்ரா வரை நடக்கலாம், அல்லது அதுவரை மட்டும் ஆட்டோ பிடிக்கலாம். வெயிலில் பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டாம் என்பது என் கருத்து, சக்கரம் போய்விடும்.

5. சித்ராவில் சரியான பக்கம் நிற்பது

விமான நிலையம் அவிநாசி சாலைக்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே ஊருக்குள் போகும் பஸ், நீங்கள் வெளியே வரும் பக்கத்திலேயே நிற்கும். சாலையைக் கடக்க வேண்டாம். திருப்பூர், அவிநாசி, ஈரோடு பக்கம் போகிறவர்கள் மட்டும் எதிர்ப்பக்கம் போக வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். சாலைக்கு அப்பால் கூட்டமாக ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும் அதுதான் நிறுத்தம் என்று பெட்டியோடு கடந்துவிடுவார்கள். பாலத்தின் தூண்களுக்கு நடுவே இரு திசை வாகனங்களையும் பார்த்துக் கடப்பது உள்ளூர்க்காரர்களுக்கே சிரமம். சிக்னல் இருக்கும் இடத்தில், சிவப்பு விழுந்தபின் மட்டும் கடங்கள்.

திருப்பூர், ஈரோடு பஸ்களில் எல்லாமே இங்கே நிற்காது. முன்கண்ணாடியில் "பாயின்ட் டு பாயின்ட்" என்று எழுதியிருந்தால் கையைக் காட்டிப் பயனில்லை. சாதாரண மொஃபசல் பஸ்ஸை எதிர்பாருங்கள். கொஞ்ச நேரம் நின்றும் எதுவும் வராவிட்டால் டவுன் பஸ்ஸில் ஹோப் காலேஜ் போய் அங்கே ஏறுவது மேல். அங்கே நிற்கும் பஸ்கள் கூடுதல்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. கோவையில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஏறும் முன் அரசு பஸ்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்டக்டரோடு வாதாடுவதில் நிறுத்தம் தாண்டிப் போனவர்கள் உண்டு.

6. மதுரை, திருச்சி போகிறவர்கள்: ஊருக்குள் நுழையவே வேண்டாம்

அதிக நேரம் வீணாவது இந்தக் கூட்டத்துக்குத்தான். காந்திபுரம் போய், அங்கே "மதுரை பஸ் சிங்காநல்லூரில்" என்று கேட்டு, மறுபடி டவுன் பஸ் ஏறி வந்த திசையிலேயே திரும்புவார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் சிங்காநல்லூர் விமான நிலையத்துக்குத் தெற்கே பக்கத்திலேயே தெரியும். ஆனால் நேர்வழி இல்லை. நடுவில் ஓடுதளம் கிடக்கிறது. 1940-ல் பீளமேட்டில் சிறு விமானங்களுக்காகத் தொடங்கிய இடம் இது. ஜெட் விமானங்கள் இறங்குவதற்காக 1980-களில் ஓடுதளத்தை நீட்டினார்கள். அந்தக் காலத்தில் பயணிகள் விமானங்கள் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு மாறின. 1987-ல் மறுபடி இங்கே வந்தன. இப்போது ஓடுதளம் கிட்டத்தட்ட 3 கி.மீ. அவிநாசி சாலைக்கும் திருச்சி சாலைக்கும் இடையே அது குறுக்கே கிடப்பதால் ஒரு ஓரமாகச் சுற்றித்தான் போக முடியும்.

அந்தச் சுற்று இதுதான்: சித்ராவிலிருந்து ஹோப் காலேஜ், அங்கே இடப்பக்கம் திரும்பிக் காமராஜர் சாலை வழியாக சிங்காநல்லூர். ஆட்டோ, டாக்ஸி என்றால் "ஹோப் காலேஜ், காமராஜர் சாலை" என்று சொன்னால் போதும். பஸ் என்றால் சித்ராவில் ஏறி ஹோப் காலேஜில் இறங்கி, சிங்காநல்லூர் போகும் டவுன் பஸ்ஸுக்கு மாறுங்கள். இறங்கிய நிறுத்தத்திலேயே நிற்காமல் திருப்பத்தைத் தாண்டிக் காமராஜர் சாலைக்குள் வந்து நில்லுங்கள். முதல் நிறுத்தத்தில் நின்றால் வருகிற பஸ்ஸெல்லாம் காந்திபுரம் என்றே வரும்.

7. ஊட்டி: மூன்று வழி, ஒரு பெரிய தவறு

முதலில் அந்தத் தவறு. காலை விமானத்தில் வந்து அன்றே மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறலாம் என்று டிக்கெட் எடுத்து வருகிறார்கள். மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படுவது. அதற்கு முன் கோவையில் இறங்கி, பெட்டி எடுத்து, 40 கி.மீ. போய்ச் சேர்வது நடக்காத காரியம். ரயிலில்தான் ஏற வேண்டும் என்றால் முந்தைய நாளே வந்து மேட்டுப்பாளையத்தில் தங்குங்கள்.

தங்க முடியாதவர்களுக்கு ஒரு மாற்று. பஸ்ஸிலோ காரிலோ குன்னூர் வரை போய், அங்கிருந்து ஊட்டிக்கு ஓடும் ரயிலில் ஏறலாம். இந்தப் பகுதியில் டீசல் இன்ஜின்தான், பல்சக்கரத் தண்டவாளமும் இருக்காது. கல்லாறு, பர்லியாறு காட்டுப் பகுதியை ரயிலில் பார்க்க முடியாது. ஆனால் நாளுக்குப் பல முறை ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் மேட்டுப்பாளையம், குன்னூர் இடையே ரயில் நிற்பது வழக்கம். அப்போது இந்த மாற்றுத்தான் கைகொடுக்கும்.

காரில் போகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடை சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. அரசு பஸ்களுக்கும் நீலகிரிப் பதிவெண் வாகனங்களுக்கும் தேவையில்லை. டாக்ஸி பேசும்போதே "இ-பாஸ் யார் எடுப்பது" என்று கேட்டுவிடுங்கள். டிரைவர் எடுத்திருப்பார் என்று நீங்களும், நீங்கள் எடுத்திருப்பீர்கள் என்று அவரும் நினைத்துக்கொண்டு கல்லாறு சோதனைச் சாவடியில் ஓரம்கட்டி, சிக்னல் வருமா என்று செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் குடும்பங்களைச் சீசனில் பார்க்கலாம். வண்டி எண் தெரிந்தால்தான் பதிவு செய்ய முடியும். அதனால் வண்டி உறுதியான பிறகு எடுங்கள்.

மூன்றாவது விஷயம், பாதை. விமான நிலையத்திலிருந்து மேட்டுப்பாளையம் போக ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. சித்ராவில் அவிநாசி சாலையைக் கடந்து காளப்பட்டி, சரவணம்பட்டி, துடியலூர் வழியாகப் போனால் மேட்டுப்பாளையம் சாலையைப் பிடிக்கலாம். சாலை சில இடங்களில் குறுகல்தான், ஆனாலும் காந்திபுரம் சிக்னல்களைவிட எவ்வளவோ மேல். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் காந்திபுரம் போய், அங்கிருந்து சாய்பாபா காலனி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் மாறுவதே எளிது.

8. பாலக்காடு, பொள்ளாச்சி

டாக்ஸியில் பாலக்காடு என்றால் நீலாம்பூர் போய் பைபாஸ் பிடித்து மதுக்கரை வழியாகப் போகச் சொல்லுங்கள். முதலில் ஊருக்கு எதிர்த்திசையில் வண்டி போவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதுதான் சரி. மாநில எல்லை தாண்டுவதால் பெர்மிட் செலவு வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸுக்கு இரு ஊர்க்காரர்களும் உக்கடம்தான் போக வேண்டும். அவிநாசி சாலையில் வரும் டவுன் பஸ்களில் ரயில் நிலையம், டவுன்ஹால் வழியாக உக்கடம் போகிறவையும் உண்டு. பெயர்ப்பலகையில் காந்திபுரம் என்று போட்டிருந்தால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

9. ரயிலுக்கு மாறுகிறவர்கள்

பீளமேடு என்ற பெயரில் ரயில் நிலையம் இருக்கிறது. வரைபடத்தில் அருகில் தெரிகிறது என்று அங்கே போய்விடாதீர்கள். சில பாசஞ்சர் வண்டிகள் மட்டுமே நிற்கும் சிறு நிலையம் அது. உங்கள் எக்ஸ்பிரஸ் பீளமேட்டைக் கடந்து போவதை வேடிக்கை பார்க்கத்தான் முடியும். போக வேண்டியது கோவை ஜங்ஷன்.

கேரளம் போகிறவர்கள் டிக்கெட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும். சில ரயில்கள் ஜங்ஷனுக்கு வராமல் இருகூரிலிருந்து நேரே போத்தனூர் போய்விடும். டிக்கெட்டில் ஏறும் இடம் போத்தனூர் என்றிருந்தால் டாக்ஸிக்காரரிடம் அதையே சொல்லுங்கள். இரண்டும் ஒரே ஊர்தானே என்று ஜங்ஷனில் இறங்கிவிட்டு, அங்கிருந்து ஓட்டமாக ஓடுகிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம்.

10. இரவில் இறங்கினால்

சிங்கப்பூர், ஷார்ஜா போன்ற இடங்களிலிருந்து வருகிறவர்கள் பலர் இரவிலோ விடியுமுன்போ இறங்குவார்கள். டவுன் பஸ்ஸை நம்ப வேண்டாம். தொலைதூர மொஃபசல் பஸ்கள் இரவிலும் ஓடுகின்றன. ஆகவே சிங்காநல்லூர் அல்லது காந்திபுரம் வரை மட்டும் டாக்ஸி, அங்கிருந்து பஸ் என்பது செலவு குறைந்த முறை. தனியாக வரும் பெண்களும் முதியவர்களும் விடியும் வரை முனையத்திலேயே உட்கார்ந்திருப்பது நல்லது. ஊட்டி போகிறவர்களும் இரவில் மலை ஏற வேண்டாம். பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் வெளியூர் டிரைவரை நம்பி ஏறுவது வீண் துணிச்சல்.

11. திரும்பி வரும்போது: கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

விமானம் புறப்படும் நேரத்தை வைத்துக் கிளம்புகிறவர்கள்தான் விமானத்தைத் தவறவிடுகிறார்கள். கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது, செக்-இன் கவுன்டர் மூடும் நேரம். உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன் மூடிவிடுவார்கள். பெட்டி கொடுக்க வேண்டியிருந்தால் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் வாசலில் இருக்க வேண்டும். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால்.

ஊட்டியிலிருந்து பிற்பகல் 2 மணி விமானத்துக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். கவுன்டர் 1 மணிக்கு மூடும். 12 மணிக்கு முனைய வாசல். சாதாரண நாளில் மலை இறங்கிச் சமவெளி தாண்டி வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது; வழியில் தேநீர், வாந்தி எடுக்கும் குழந்தை, மேட்டுப்பாளையம் ஊருக்குள் நெரிசல் என்று இன்னொரு மணி நேரம். ஆக 8 மணிக்குக் கிளம்ப வேண்டும். கோடை சீசனில் போலீசார் ஒருவழிப் பாதையாக்கி, இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியே அனுப்புவார்கள். அப்போது 7 மணி. மேட்டுப்பாளையம் தாண்டியபின் அதே துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாகவே வாருங்கள்.

பழனி, பொள்ளாச்சி பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஊரைக் குறுக்காகக் கடப்பதில்தான் நேரம் போகும். காலை 8 முதல் 10 வரையும், மாலை 5 முதல் 8 வரையும் அந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் உக்கடம் வந்துவிட்டு, விமானத்துக்கு நேரம் நெருக்கினால் அங்கேயே டாக்ஸி பிடித்து மேம்பாலத்தில் ஏறச் சொல்லுங்கள். திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊருக்குள் வராமலே சித்ராவில் இறங்கிவிடலாம். பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம் "அண்ணா, சித்ராவில் நிற்குமா?" என்று கேட்டு டிக்கெட் எடுங்கள். நீலாம்பூர் தாண்டியதும் எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்துவிடுங்கள். வண்டி கோல்டுவின்ஸில் பாலத்தில் ஏறிவிட்டால் சித்ராவில் இறங்க முடியாது.